எத்தனை பர்சென்ட் அடைப்பு என்று மட்டும் கேட்காதீர்கள்

இதய சிடி ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "தம்பி, எத்தனை பர்சென்ட் இருக்கு?" ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜி டாக்டர். டெக்னீஷியனான நான் வாயைத் திறக்கக் கூடாது. "டாக்டர் சொல்வாருங்க ஐயா" என்று அனுப்பிவிடுவேன். மறுநாள் ரிப்போர்ட் கைக்கு வந்ததும், அதில் இருக்கும் மற்ற எதையும் விட்டுவிட்டு அந்த ஒரு எண் மட்டும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும். எழுபது என்றால் ஸ்டென்ட் (குழாயை விரித்துத் தாங்கும் சின்னக் கம்பிவலை), நாற்பது என்றால் மாத்திரை என்று டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் தீர்ப்பு முடிந்திருக்கும்.

இதய சிடி மெஷின் பக்கத்திலேயே பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் படம் சொல்லக்கூடிய விஷயங்களில் பர்சென்ட் ஒரு சின்னப் பங்குதான். ஸ்டென்ட் வைக்க முடிவெடுத்துவிட்டார்கள் என்றால், எங்கே தொடங்கி எங்கே முடிப்பது, எந்த அளவு ஸ்டென்ட், முதலில் எதை வைத்து வழியைத் திறப்பது, எந்தக் கோணத்தில் பார்ப்பது என்பதெல்லாம் அதே படத்தில் இருக்கிறது. பெரும்பாலான நேரம் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

ஸ்டென்ட் வைக்கும் அறையான கேத் லேபில் எடுக்கும் ஆஞ்சியோ ஒரு நிழல் படம். மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ ஒரு மெல்லிய டியூபை இதயத்தின் வாசல்வரை கொண்டுபோய், டை என்ற மருந்துத் திரவத்தைச் செலுத்தி, அது ஓடும்போது எக்ஸ்-ரேயில் பார்ப்பார்கள். 1958-ல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் மேசன் சோன்ஸ் என்ற டாக்டர் வேறொரு பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது டை தற்செயலாக நோயாளியின் வலது கொரோனரி ரத்தக்குழாய்க்குள் (இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்) பாய்ந்துவிட்டது. ஆஞ்சியோ பிறந்தது அப்படித்தான். 1977 செப்டம்பரில் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் அடைப்பைத் திறக்க முதல் பலூனை விரித்ததும், 1986-ல் பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் பியூவெல் முதல் ஸ்டென்டை வைத்ததும் இந்த நிழலை நம்பித்தான். இன்றும் அதுதான் அடிப்படை. ஆனால் நிழலில் டை ஓடும் பாதை மட்டும்தான் தெரியும். குழாயின் சுவர் தெரியாது. நோய் இருப்பதோ சுவரில்.

சிடியில் சுவர் தெரிகிறது. கொழுப்பு எங்கே, நார் போன்ற படிவு எங்கே, கால்சியம் எங்கே என்று ஓரளவுக்குப் பிரித்துப் பார்க்கலாம். துல்லியத்தில் அது ஆஞ்சியோவுக்கு ஈடாகாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆஞ்சியோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குவரை பிரித்துக் காட்டும். வழக்கமான சிடி ஏறக்குறைய அரை மில்லிமீட்டரில் நின்றுவிடும். 2021-க்குப் பிறகு வந்த ஃபோட்டான் கவுன்டிங் என்ற புதுவகை சிடி மெஷின்கள் இந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்திருக்கின்றன. எல்லா ஊரிலும் அது கிடைக்காது.

முதலில் படம் நன்றாக வர வேண்டும். இதயம் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும் உறுப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் அது கிட்டத்தட்ட அசையாமல் இருக்கும் ஒரு நொடித்துண்டைப் பிடிக்கிறோம். நாடி 60-க்குக் கீழே வந்தால் அந்தத் துண்டு நீளமாகும், எனக்கு நிம்மதி. 80-ல் நின்றால் வலது பக்கக் குழாய் இரட்டையாகத் தெரியும். அதனால்தான் ஒரு மணி நேரம் முன்பே வரச் சொல்லி, நாடியைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் கொடுப்பது, ஆஸ்துமா இருந்தால் அதற்குப் பதில் ஐவாப்ரடின் கொடுப்பது. "காலையில ஒரு காபிதான் சார் குடிச்சேன்" என்று வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். காட்டிக்கொள்ள மாட்டேன். கோபப்பட்டால் அவர் நாடி இன்னும் ஏறும்.

அப்புறம் நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின். பலர் இதை ஒரு சடங்கு மாதிரி நினைக்கிறார்கள். அளவெடுக்கப் போகிறோம் என்றால் இது முக்கியம். இந்த மருந்து குழாயைத் தளர்த்தி விரிக்கும். அது இல்லாமல் எடுத்த படத்தில் 3 மில்லிமீட்டர் குழாய் சுருங்கித் தெரியலாம், அதை நம்பினால் ஸ்டென்ட் சிறியதாகப் போய்விடும். இந்த மருந்துக்கு முன் ஆண்களிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: கடந்த ஓரிரு நாளில் வயாக்ரா வகை மாத்திரை எதுவும் சாப்பிட்டீர்களா? இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். மருமகள் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. மேசையில் படுக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டு, காதோரமாகக் கேட்பதே வழக்கம்.

கையில் ஊசி வழியாக அறுபது, எழுபது மில்லி டை போகும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும். சிறுநீர் போய்விட்ட மாதிரி இருக்கும், போயிருக்காது. இதைச் சொல்லாமல் விட்டால் பதறி, படத்துக்காகப் பிடித்திருக்கும் மூச்சை விட்டுவிடுவார்கள், படம் கெட்டுவிடும்.

இனி வேலை கம்ப்யூட்டரில். குழாயின் நடுக்கோட்டைப் பிடித்து, வளைந்து நெளிந்து போவதை நேராக நீட்டி வைத்துவிடலாம். பிறகு சுட்டியை உருட்டினால், அந்தக் குழாயைக் குறுக்காக அரை மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டாகப் பார்த்துக்கொண்டே போகலாம். நடுவில் வெள்ளையாக ரத்த ஓட்டம், சுற்றிலும் சாம்பல் நிறத்தில் சுவர், சில இடங்களில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளையில் கால்சியம்.

இங்கேதான் பர்சென்ட் தன் மதிப்பை இழக்கிறது. நிழலில் 80 பர்சென்ட் சுருக்கமுள்ள இடம் பத்து மில்லிமீட்டர்தான் என்று தெரியும். சுவரைப் பார்த்தால் நோய் அதற்கு முன்னும் பின்னும் நீண்டிருக்கும். ஸ்டென்டின் இரண்டு ஓரங்களும் நல்ல சுவரில், அல்லது ஓரளவாவது நல்ல சுவரில் உட்கார வேண்டும். கொழுப்பு நிறைந்த படிவின் நடுவே ஓரம் வந்தால் அங்கே சுவர் கிழியலாம், நாளடைவில் அந்த ஓரத்திலேயே மறுபடி சுருங்கலாம். ஆகவே பத்து மில்லிமீட்டர் அடைப்புக்கு 28 மில்லிமீட்டர் ஸ்டென்ட் தேவைப்படுவது அதிசயமில்லை. "சின்ன அடைப்புக்கு ஏன் இவ்வளவு நீளமா வெச்சாங்க, காசு புடுங்கறாங்களா?" என்று சிலர் கேட்கிறார்கள். காசு பிடுங்குவது நடக்காத ஊர் இல்லை, ஆனால் நீளத்துக்கு நியாயமான காரணமும் உண்டு.

விட்டமும் அப்படித்தான். கொரோனரி குழாய் போகப்போகக் குறுகும். பெரிய கிளை பிரிந்த இடத்தில் ஒரே படியில் இறங்கும். இரண்டு கிளைகளின் விட்டத்தைக் கூட்டி 0.678-ஆல் பெருக்கினால் தாய்க்குழாயின் விட்டம் ஏறக்குறைய வரும் என்று ஃபினே என்ற பிரெஞ்சு டாக்டரின் கணக்கு ஒன்று உண்டு. 3 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் கிளைகள் என்றால் தாய் 3.7. ஸ்டென்டோ ஒரே விட்டத்தில் வரும் உருளை. அதனால் கீழ்ப்பகுதியின் அளவுக்கு ஸ்டென்டைத் தேர்ந்தெடுத்து, மேல்பகுதியைப் பிறகு பெரிய பலூனால் விரிப்பார்கள். எந்த பலூன், எத்தனை மில்லிமீட்டர் என்பதை முதல்நாள் மாலையே குறித்துவைக்கலாம்.

கால்சியம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் கேஸ்கள் சொதப்புவதில் பெரும்பங்கு இதற்குத்தான். ஆஞ்சியோவில் கால்சியம் பாதி நேரம் கண்ணில் படாது. 1995-ல் கேரி மின்ட்ஸ் குழு வெளியிட்ட ஆய்வில், குழாய்க்குள்ளிருந்து எடுக்கும் அல்ட்ராசவுண்டு 73 சதவீத இடங்களில் கால்சியத்தைக் கண்டது, ஆஞ்சியோ 38 சதவீதத்தில்தான் கண்டது. படிவு கடினமாக இருப்பது தெரியாமல் உள்ளே போனால், பலூன் ஊதும்போது இரண்டு முனையும் விரிந்து நடுப்பகுதி இடுப்பு போல இறுகி நிற்கும். அந்த நிலையிலேயே ஸ்டென்டை வைத்துவிட்டால் அது விரியாது. வைத்த ஸ்டென்டை எடுக்கவும் முடியாது. பிற்பாடு ரத்தம் உறைந்து மாரடைப்பு வருவதற்கு முக்கியக் காரணங்களில் இந்த அரைகுறை விரிவும் ஒன்று.

குறுக்குவெட்டில் கால்சியம் எத்தனை டிகிரி வளைத்திருக்கிறது என்று பார்ப்போம். ஒரு பக்கம் மட்டும் புள்ளியாக இருந்தால் பலூன் மறுபக்கம் சமாளித்துவிடும். பாதி வட்டத்தைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். முழு வட்டமாகச் சுற்றியிருந்தால் சாதாரண பலூனை நம்பக் கூடாது. நீளம் ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா என்பதும் கணக்கில் வரும். அப்போது ரோட்டாபிளேட்டர் வேண்டும்: வைரத்தூள் பதித்த சின்னக் குமிழ், நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் முறை சுழன்று தேய்க்கும். அல்லது ஐவிஎல், அதாவது சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதே அதிர்வலை உத்தியை பலூனுக்குள் வைத்துக் கால்சியத்தில் விரிசல் விழவைப்பது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது. அதன் பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனாலும் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஐவிஎல் கருவியோ ஒரு ஸ்டென்ட் விலையைப் போலப் பல மடங்கு. நோயாளி மேசையில் படுத்திருக்க, டாக்டர் பாதியில் வெளியே வந்து, "ரொம்பக் கடினமா இருக்கு, இன்னொரு டிவைஸ் வேணும், உடனே சொல்லுங்க" என்று கேட்கும் காட்சியை நான் வராந்தாவில் பார்த்திருக்கிறேன். அந்த நிமிடத்தில் எந்த மகனால் கணக்குப் பார்க்க முடியும்? சம்மதம் என்று தலையாட்டிவிட்டு, நகைக்கடன் எங்கே கிடைக்கும் என்று போனை எடுப்பான். முதல்நாளே தெரிந்திருந்தால் இன்சூரன்சில் அனுமதி கேட்டிருக்கலாம், வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்டிருக்கலாம், பைபாஸ் நல்லதா என்றுகூட யோசித்திருக்கலாம். திட்டமிடல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வராந்தாதான்.

கோணம் அடுத்தது. கேத் லேபில் சி-ஆர்மை (சி எழுத்து வடிவ எக்ஸ்-ரே மெஷின்) நோயாளியைச் சுற்றித் திருப்பித் திருப்பிப் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு கோணத்துக்கும் கொஞ்சம் டை, கொஞ்சம் கதிர்வீச்சு. இடது முக்கியக் குழாய் பிரியும் இடத்தை ஸ்பைடர் வியூவில் பார்ப்பது வழக்கம், கிளைகள் சிலந்திக்கால் மாதிரி விரிந்து தெரியும். ஆனால் எல்லாருடைய இதயமும் ஒரே சாய்வில் இருப்பதில்லை. வழக்கமான கோணத்தில் குழாய் நம்மை நோக்கி வந்தால் நீளம் குறைந்து தெரியும், கிளையின் வாய் மறைந்துவிடும். சிடியில் அந்தக் குறிப்பிட்ட நபரின் அந்தக் குறிப்பிட்ட கிளை முழு நீளமாக விரியும் கோணத்தை முன்கூட்டியே கண்டுபிடித்து, எண்ணாக எழுதிக் கொடுக்க முடியும்.

இதெல்லாம் ஒன்றுசேர்ந்து பலன் தருவது முழு அடைப்பில். மூன்று மாதத்துக்கு மேல் நூறு சதவீதம் மூடிக்கிடக்கும் குழாயை சிடிஓ என்பார்கள். ஆஞ்சியோவில் டை ஒரு இடம்வரை போகும், அதற்கு மேல் வெறுமை. எதிர்ப்பக்கக் குழாயின் சிறுகிளைகள் வழியாக வால்பகுதி மங்கலாக நிரம்பும். நடுவில் பாதை எப்படிப் போகிறது என்று நிழலில் தெரியவே தெரியாது. ஜப்பானியர்கள் இதற்கு ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள்: நுழைவாய் மழுங்கியிருக்கிறதா, கால்சியம் உண்டா, 45 டிகிரிக்கு மேல் வளைவு உண்டா, 20 மில்லிமீட்டருக்கு மேல் நீளமா, முன்பே ஒருமுறை முயன்று தோற்றதா. ஐந்தில் முதல் நான்கையும் சிடியில் நேரடியாகப் பார்க்கலாம்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். வலது பக்கக் குழாய் முழு அடைப்பு, வேறோர் ஆஸ்பத்திரியில் முயன்று, பலூனுக்கு வழிகாட்டும் மெல்லிய வயர் அடைப்பைத் தாண்டவில்லை. ஊரில் மாடிப்படி ஏற முடியவில்லை என்பதுதான் அவருடைய ஒரே புகார். நாடி 56, அருமையான படம். மாலையில் கார்டியாலஜி டாக்டர் டீ கிளாசோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடைபட்ட பகுதி சாம்பல் நிறக் கயிறு மாதிரி தெரிந்தது. நிழலைப் பார்த்தவர்கள் பாதை நேராகக் கீழே போகும் என்று நினைத்திருப்பார்கள். இங்கே அது அடைப்புக்குள் போன உடனே வெளிப்பக்கமாகத் திரும்பியது, திரும்பும் இடத்தில் ஒரு கால்சியக் கட்டி. "வயர் இந்தக் கட்டியில முட்டித்தான் சுவருக்குள்ள போயிருக்கணும்" என்றார். அந்த வளைவு விரிந்து தெரியும் கோணத்தைத் தேடி எழுதிக்கொண்டார். மறுநாள் கேத் லேபில் பெரிய திரையின் ஒரு பாதியில் சிடி படம், மறுபாதியில் ஓடும் எக்ஸ்-ரே. குழாய் திறந்தது.

சிடி இல்லாமலும் திறந்திருக்கலாம். ஒரு கேஸை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் கொரியாவில் 400 சிடிஓ நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முன்கூட்டியே சிடி எடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் வெளியான முடிவு: சிடி பார்த்துவிட்டுப் போன குழுவில் வெற்றி 93.5 சதவீதம், பார்க்காத குழுவில் 84. பைபாஸ் ஆனவர்களிலும் இப்படி ஒரு ஆய்வு லண்டனில் நடந்தது, 688 பேர், 2023-ல் வெளிவந்தது. பைபாஸில் ஒட்டிய குழாய்களின் வாய் எங்கே இருக்கிறது என்று கேத் லேபில் தேடுவதே பாதி வேலை. முன்பே சிடி எடுத்தவர்களுக்கு ஆஞ்சியோ நேரம் சராசரியாக 39.5 நிமிடத்திலிருந்து 18.6 ஆனது. டையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் 27.9 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 3-க்கு இறங்கினார்கள். இரண்டு முறை டை கொடுத்தால் கிட்னிக்கு ஆபத்துதானே என்று நினைத்த எனக்கு அந்த எண் ஆச்சரியம்தான்.

திட்டமிடுவதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைச் சொல்லும்போது ஆஸ்பத்திரிக்காரர்கள் கொஞ்சம் நெளிவார்கள்: ஸ்டென்டே வேண்டாம் என்ற முடிவு. சிடி படத்திலிருந்து ரத்த ஓட்டத்தைக் கணக்கிட்டு, குழாய் நெடுக அழுத்தம் எப்படி இறங்குகிறது என்று காட்டும் முறை ஒன்று உண்டு, எஃப்எஃப்ஆர்-சிடி. அடைப்புக்குப் பிறகுள்ள அழுத்தம், அதற்கு முன்புள்ளதில் 0.80 பங்குக்குக் கீழே போனால் அந்தக் குழாய் இதயத்துக்குப் போதுமான ரத்தம் கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரே இடத்தில் படாரென்று அழுத்தம் இறங்கினால் அங்கே ஸ்டென்ட் வைத்தால் பலன் தெரியும். மேலிருந்து கீழ்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் நோய் குழாய் முழுக்கப் பரவியிருக்கிறது, ஒரு ஸ்டென்டால் பெரிதாக எதுவும் மாறாது. இரண்டு பேர் ரிப்போர்ட்டிலும் 70 பர்சென்ட் என்றே எழுதியிருக்கும்.

இதோடு 2020-ல் வந்த இஸ்கீமியா என்ற பெயருள்ள ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 5,179 பேர். நிலையாக இருக்கும் நோயாளிகளுக்கு முதலிலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்வது, நல்ல மாத்திரைகளோடு காத்திருப்பதைவிட மரணத்தைக் குறைக்கவில்லை. நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு வலி குறைந்தது, அது சிறிய விஷயமில்லை. அந்த ஆய்விலேயே இடது முக்கியக் குழாயில் அடைப்பு உள்ளவர்களை விலக்கி வைக்கப் பெரும்பாலானவர்களுக்கு சிடிதான் எடுத்தார்கள்.

சிடிக்கு இடறும் இடங்களும் உண்டு. கால்சியம் தன் உண்மை அளவைவிடப் பருத்துத் தெரியும், அதனால் அடைப்பு அதிகம் என்று தோன்றும். நாடி தாறுமாறாக ஓடுபவர்களுக்குப் படம் சரியாக அமையாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருந்தால் டை கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாரடைப்போடு வருபவருக்கு சிடி எடுத்து நேரம் கடத்தவே கூடாது, நேராகக் கேத் லேப்தான். சிடியில் திட்டம் போட்டுவிட்டதால் கேத் லேபில் குழாய்க்குள்ளிருந்து பார்க்கும் அல்ட்ராசவுண்டோ, ஒளியால் பார்க்கும் ஓசிடியோ வேண்டாம் என்றும் ஆகாது. ஸ்டென்ட் சரியாக விரிந்ததா என்று கடைசியில் பார்க்க அவைதான் வேண்டும்.

என் ஆதங்கம் ஒன்றுதான். இவ்வளவும் எடுத்து, அளந்து, டிஸ்கில் போட்டுக் கொடுக்கிறோம். நோயாளி இரண்டு பக்க ரிப்போர்ட்டை மட்டும் பத்திரமாக லேமினேட் செய்துவிட்டு, டிஸ்கைப் பரணில் போட்டுவிடுகிறார். கொண்டுபோனாலும் பல கேத் லேப் கம்ப்யூட்டர்களில் டிஸ்க் போட இடமே இல்லை. ஆகவே சிடி எடுக்கும்போதே முழுப் படத்தையும் பென் டிரைவில் கேளுங்கள், டைகாம் (ஸ்கேன் படங்களுக்கான பொது வடிவம்) ஃபைலாக வேண்டும் என்று சொல்லுங்கள். ஸ்டென்ட் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னால், "சிடி படத்தைப் பார்த்தீங்களா டாக்டர், கால்சியம் எப்படி இருக்கு, ரோட்டாவோ ஐவிஎல்லோ தேவைப்படுமா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி: ஸ்டென்ட் வைத்த பிறகு வருஷா வருஷம் சிடி எடுத்துப் பார்க்கணுமா? தொந்தரவு எதுவும் இல்லையென்றால் வேண்டாம். மூன்று மில்லிமீட்டருக்குக் குறைவான ஸ்டென்டுக்குள் வழக்கமான சிடியில் தெளிவாகத் தெரியவும் தெரியாது. அந்தப் பணத்துக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரையை விடாமல் வாங்கிச் சாப்பிடுங்கள்.